கடவுளை அறிந்திருக்கிறோமா? கூலிக் கணக்கைப் பாருங்கள்

கடவுளை அறிவது என்றால் நிறைய ஜெபிப்பது, வசனங்களை மனப்பாடமாகச் சொல்வது என்றுதான் பலரும் நினைக்கிறோம். வேதாகமத்தில் எரேமியா புத்தகம் 22-ஆம் அதிகாரம், 13 முதல் 16 வரை உள்ள வசனங்களை வாசித்துப் பாருங்கள். வேலை வாங்கிவிட்டுக் கூலி கொடுக்காமல் மாளிகை கட்டிய யோயாக்கீம் ராஜாவை ஆண்டவர் கண்டிக்கிறார். அவன் தகப்பன் யோசியா ஏழை எளியவர்களுக்கு நியாயம் செய்ததைச் சொல்லி, என்னை அறிவது இதுதானே என்று கேட்கிறார்.

பாம்பன், மண்டபம் பக்கம் தொழில் செய்கிற நமக்கு இதை அன்றாடம் கடைப்பிடிக்க வழி இருக்கிறது. காலை ஜெபத்துக்கு அப்புறம் கணக்கு நோட்டைத் திறங்கள். கருவாடு காயப்போட வந்த அக்காவுக்கு, படகில் வந்த தம்பிக்கு என்ன பாக்கி? பெயரையும் தொகையையும் எழுதி, காசு வந்ததும் முதலில் அதைக் கொடுங்கள். மீன்பாடு சரியில்லாத நாளில் முழுவதும் கொடுக்க முடியாது, சரி. ஆனால் எப்போது தருவேன் என்று நீங்களே போய்ச் சொல்லுங்கள். அவர்களை வாசலில் வந்து நிற்க விடாதீர்கள்.

தராசில் கை வைக்காமல் இருப்பதும் இதில் சேர்த்திதான். கடல்பாசி எடுக்கும் பெண்கள் மூச்சை அடக்கி மூழ்கி, பாறையில் கை கால் கிழிந்து கொண்டுவருகிறார்கள். ஈரம் என்று சொல்லி எடையை இஷ்டத்துக்குக் கழிக்காதீர்கள்.