காய்ச்சல் கண்டால்: ஃப்ளூவா, டிங்கியா?

பேராக்கின் சுங்கை சிப்புட் பக்கம் மழை பிடித்துக்கொண்டால், தோட்டத்து லயத்தில் ஒரு வீடு விட்டு ஒரு வீடு இருமல் கேட்கும். குளிர்நாடுகளைப் போல நம் மலேசியாவில் ஃப்ளூவுக்குத் தனிப் பருவம் இல்லை. ஆண்டு முழுக்க இருக்கும், நடுநடுவே கூடும். கொசு பரப்பும் டிங்கிக் காய்ச்சலும் (டெங்கு) சேர்ந்து திரிவதால் முதல் இரண்டு நாள் கவனம் மிக முக்கியம்.

முதலில் தெர்மாமீட்டரை எடுங்கள். நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது போதாது. 38 டிகிரியோ அதற்கு மேலோ என்றால் நாளும் நேரமும் போட்டு எழுதி வையுங்கள். எத்தனை நாளாகக் காய்ச்சல் என்று கிளினிக்கில் கட்டாயம் கேட்பார்கள்.

அடுத்து அறிகுறிகள். சாதாரணச் சளி மெதுவாக ஏறும். ஃப்ளூ திடீரென அடிக்கும்: காலையில் செம்பனைக் குலை வெட்டப் போனவர் மதியம் எழுந்திருக்க முடியாமல் படுத்துவிடுவார். காய்ச்சல், உடம்பு வலி, தொண்டை வலி, வறட்டு இருமல் எல்லாம் ஒன்றாக வரும். டிங்கியிலும் உடம்பு முறிக்கும். ஆனால் மூக்கொழுகலும் இருமலும் பெரும்பாலும் இருக்காது, கண்ணுக்குப் பின்னால் வலிக்கும். இதை வைத்து நீங்களே முடிவு கட்டாதீர்கள், இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். அதுவரை பாராசிட்டமால் மட்டும் போதும். அஸ்பிரின், புரூஃபன் (ஐபுபுரோஃபன்) வேண்டவே வேண்டாம். டிங்கியாக இருந்தால் இரத்தக்கசிவு கூடும். டிங்கியில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தானது, அதனால் 'விட்டுருச்சு' என்று வேலைக்குக் கிளம்பாதீர்கள்.

மிச்சம் இருக்கும் ஆன்டிபயாடிக்கையும் தொடாதீர்கள், வைரஸை அது ஒன்றும் செய்யாது. மிளகு ரசம் தொண்டைக்கு இதம், தாராளமாகக் குடிக்கலாம்.

அப்புறம், பரவாமல் பார்த்துக்கொள்வது. அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே ஃப்ளூ தொற்றும். அதன்பின் ஐந்து முதல் ஏழு நாள் வரை தொடரும். லயத்து வீட்டில் தனி அறைக்கு எங்கே போவது? நோயாளியை ஜன்னலோரம் படுக்க வையுங்கள். மாஸ்க், தனி டம்ளர். சவர்க்காரம் போட்டு 20 வினாடி கை கழுவுங்கள்.

மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, மனக்குழப்பம், விடாத வாந்தி இருந்தால் 999 அழையுங்கள். முதியவர், கர்ப்பிணி, சின்னக் குழந்தை, இனிப்புநீர் (நீரிழிவு) அல்லது ஆஸ்துமா உள்ளவர் என்றால் காய்ச்சல் கண்ட அன்றே கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசு சுகாதார கிளினிக்) போங்கள். ஃப்ளூ மருந்து முதல் 48 மணி நேரத்துக்குள்தான் நன்றாக வேலை செய்யும்.

வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால் தடுப்பூசியை ஆண்டுதோறும் போட வேண்டும். பலன் தர இரண்டு வாரம் ஆகும். பாட்டிக்குப் போட அழைத்துப் போகிறவர்களும் அன்றே போட்டுக்கொள்ளுங்கள்.