ஃபைப்ரோமயால்ஜியா உள்ள பெண்கள் மூச்சைத் துணையாக வைத்து நடைப்பயிற்சி தொடங்குவது எப்படி?

ஃபைப்ரோமயால்ஜியா என்பது உடம்பெங்கும் நீடித்த வலியும் அயர்ச்சியும் தரும் நோய். அந்த வலி தோள், முதுகு, இடுப்போடு நிற்பதில்லை. விலா எலும்புகள் மார்பெலும்போடு சேரும் இடத்தைத் தொட்டாலே பலருக்கு வலிக்கும். இந்த நோயைக் கண்டறிய 1990இல் வகுத்த 18 வலிப்புள்ளிகளில் இரண்டு அந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன. வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விட்டே உடம்பு பழகிவிடுகிறது. இந்த நோயுள்ள பெண்களிடம் நடந்த சில ஆய்வுகளில் சுவாசத் தசைகளின் வலுவும் மார்பு விரியும் அளவும் குறைவாக இருந்தன.

ஐரோப்பிய வாதநோய் அமைப்பான யூலார் 2016இல் வெளியிட்ட பரிந்துரைகளில், 'உறுதியாகப் பரிந்துரைக்கிறோம்' என்ற இடம் உடற்பயிற்சிக்கு மட்டும்தான் கிடைத்தது. எந்த மாத்திரைக்கும் அது கிடைக்கவில்லை. ஆனால் எப்படித் தொடங்குகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முதல் படி: மருத்துவரிடம் கேளுங்கள்

மூச்சுவாங்கல் புதிதாக வந்திருந்தால் அதையும் இந்த நோயின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். ரத்தசோகை, தைராய்டு, ஆஸ்துமா, இதயக் கோளாறு எதுவும் காரணமாக இருக்கலாம்.

இரண்டாம் படி: படுத்தபடி மூச்சு

முழங்காலை மடக்கி மல்லாந்து படுங்கள். ஒரு கை மார்பில், ஒரு கை வயிற்றில். மூக்கால் இழுக்கும்போது வயிற்றுக் கை உயர வேண்டும்; மார்புக் கை அதிகம் அசையக் கூடாது. உதட்டைக் குவித்து, இழுத்ததைவிட நிதானமாக வெளியே விடுங்கள். ஐந்து நிமிடம் போதும். தலை சுற்றினால் நிறுத்திவிட்டு வழக்கம்போல் மூச்சு விடுங்கள். இது பழகியதும் கைகளைக் கீழ் விலாவின் இரு பக்கமும் வைத்து, அது பக்கவாட்டில் விரிகிறதா என்று பாருங்கள்.

மூன்றாம் படி: ஐந்து நிமிட நடை

சமதளத்தில், ஒரு நாள் விட்டு ஒரு நாள் நடங்கள். நடக்க முடியாதவர்களுக்கு நிலையான சைக்கிளோ வெதுவெதுப்பான நீரில் நடப்பதோ சரிவரும். நடக்கும்போது முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். வார்த்தைக்கு வார்த்தை மூச்சுவாங்கினால் வேகம் அதிகம். நாடித்துடிப்பைவிட இந்த அளவுகோலையே நான் நம்பச் சொல்வேன். இதயத்துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு நாடி சரியான கணக்கைக் காட்டாது.

நான்காம் படி: மறுநாளைக் கவனியுங்கள்

பலர் தடுக்கி விழுவது இங்கேதான். நடந்து முடித்த அன்று தெம்பாகவே இருக்கும். அயர்ச்சியும் வலியும் மறுநாளோ அதற்கடுத்த நாளோதான் வந்து நிற்கும். அதனால் அன்றைய தெம்பை வைத்து அளவைக் கூட்டாதீர்கள். வலி குறைந்த நாளில் "இன்னும் கொஞ்சம் நடக்கலாமே" என்று தோன்றும். அன்றும் ஐந்து நிமிடம்தான். ஒரு வாரம், இரண்டு வாரம் வலி கூடாமல் போனால் ஒன்றிரண்டு நிமிடம் சேர்க்கலாம். முதலில் நேரத்தைக் கூட்டுங்கள், வேகத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

வாரத்துக்கு இரண்டு மூன்று நாள், தடவைக்கு 20 முதல் 30 நிமிடம் என்ற அளவை எட்டப் பல மாதங்கள் ஆனாலும் பரவாயில்லை. பலன் தெரியவும் வாரக்கணக்கில் ஆகும்.

நெஞ்சு இறுக்கம், மயக்கம், விசில் சத்தத்தோடு மூச்சு: இதில் எது வந்தாலும் உடனே நிறுத்திவிட்டு மருத்துவ உதவியை நாடுங்கள். வழக்கமான வலி மட்டும் கிளம்பினால், இரண்டு நாள் மூச்சுப் பயிற்சியோடு இருந்துவிட்டு, கடைசியாக நடந்த நேரத்தில் பாதியிலிருந்து மறுபடி நடங்கள்.