வானொலிப் பொற்காலத்தின் ஒரு வாரம்: தருமபுரி, கிருஷ்ணகிரி வீடுகளில் மீட்டெடுக்கும் முறை

பழைய திரைப்பாடல்களைக் கேட்பது இன்று மிக எளிது. பழைய வானொலியைக் கேட்ட அனுபவத்தைப் பெறுவது அவ்வளவு எளிதல்ல. விரும்பிய பாட்டை விரும்பிய நேரத்தில் கேட்கும் வசதி அன்று எவருக்கும் இல்லை. எந்தப் பாட்டு எப்போது வரும் என்பதை நிலையம் தீர்மானித்தது. வீட்டு வேலைகள் அந்த நேரத்தைச் சுற்றி நகர்ந்தன. ஆகவே ஒரு வார வானொலி வாழ்க்கையை மீண்டும் அமைக்க விரும்புவோர் முதலில் தேட வேண்டியது நேர அட்டவணையை. பாடல் தொகுப்பு அதற்குப் பிறகுதான். அதை எப்படித் தேடுவது, எப்படி நிரப்புவது, ஏழு நாளும் எப்படி நடத்துவது என்பதைப் புதிதாகத் தொடங்குவோருக்கு ஏற்ற வகையில் இங்கே விளக்குகிறேன். ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு கைப்பேசி, ஒரு ஒலிபெருக்கி, அறுபது வயதைக் கடந்த உறவினர் இரண்டு மூன்று பேர் ஆகியவை போதும். மத்திய அலை (மீடியம் வேவ்) எடுக்கும் பழைய டிரான்சிஸ்டர் ஒன்று வீட்டில் இருந்தால் இன்னும் நல்லது.

படி 1: ஓர் ஆண்டை முடிவு செய்யுங்கள்

'அந்தக் காலம்' என்று பொதுவாக வைத்துக்கொண்டால் வேலை நடக்காது. ஒரே ஓர் ஆண்டை எடுத்துக்கொள்ள வேண்டும். ஆண்டு மாறினால் கேட்கக் கிடைத்த நிலையங்களும் மாறிவிடும். சென்னை வானொலி நிலையம் 1938-இலும் திருச்சி நிலையம் 1939-இலும் தொடங்கின. கோவை நிலையம் 1966-இல்தான் வந்தது. 1952-இல் ஒன்றிய தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களுக்கு இடமில்லாமல் செய்ததால், 1950-இலேயே வர்த்தக ஒலிபரப்பைத் தொடங்கியிருந்த இலங்கை வானொலியின் பக்கம் நேயர்கள் கூட்டமாகச் சாய்ந்தனர். அந்த இழப்பை ஈடுகட்டவே 3 அக்டோபர் 1957 அன்று விவித் பாரதி என்ற அகில இந்திய வானொலியின் திரைப்பாடல் சேவை தொடங்கப்பட்டது.

தொடக்கநிலையினருக்கு நான் பரிந்துரைக்கும் ஆண்டு 1974. சென்னையில் தொலைக்காட்சி ஒலிபரப்பு 15 ஆகஸ்ட் 1975 அன்று தொடங்கியது. எனவே தமிழ்நாட்டில் வானொலி போட்டியின்றி ஆண்ட கடைசி முழு ஆண்டு 1974. அன்று பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளாக இருந்தவர்கள் இன்றும் நினைவு தெளிவோடு பேசக்கூடிய வயதில் இருக்கிறார்கள் என்பது இன்னொரு காரணம். ஒன்றை நினைவில் கொள்ளுங்கள்: 1974-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமல்ல. 1965-இல் சேலத்திலிருந்து பிரிந்த தருமபுரி மாவட்டத்துக்குள்தான் அது 2004 வரை இருந்தது. பழைய ஆவணங்களில் ஊரைத் தேடும்போது இது உதவும்.

படி 2: உங்கள் ஊருக்கு எட்டிய நிலையங்களைக் கண்டறியுங்கள்

இந்தப் படியில் அவசரப்படக் கூடாது. பகலில் மத்திய அலை ஒலிபரப்பு நிலத்தை ஒட்டியே பயணிப்பதால், தொலைவு கூடக்கூட ஒலி மெலிந்துவிடும். பொழுது சாய்ந்தபின் நிலைமை மாறுகிறது. வளிமண்டலத்தின் மேலே இருக்கும் அயனி மண்டலத்தில், பகல் முழுதும் இந்த அலைகளை உறிஞ்சிக்கொள்ளும் கீழ் அடுக்கு இரவில் மறைந்துவிடுகிறது. மேல் அடுக்கில் பட்டுத் திரும்பும் அலைகள் பல நூறு கிலோமீட்டர் தாண்டி வந்து விழுகின்றன. பகலில் இரைச்சலோடு வந்த நிலையம் இரவு எட்டு மணிக்குப் பக்கத்து வீட்டில் பேசுவதுபோல் கேட்டதன் காரணம் இதுதான்.

நம் இரண்டு மாவட்டங்களும் சென்னை, திருச்சி, கோவை ஆகிய மூன்றுக்கும் நெருக்கமாக இல்லாத இடத்தில் இருக்கின்றன. ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி பக்கம் உள்ளவர்களுக்கு 1955 முதல் இயங்கிவந்த பெங்களூரு நிலையமே மிக அருகில் இருந்தது. அங்குள்ள தமிழ் வீடுகளிலும் கன்னடப் பாடல்கள் ஒலித்ததை விட்டுவிட்டு அட்டவணை போட்டால் அது அந்த ஊரின் அட்டவணை ஆகாது. அரூர், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்துக் கதை வேறு. எனவே மாவட்டத்துக்கென்று ஒரே பட்டியல் போடாமல் உங்கள் ஊருக்கென்று தனிப் பட்டியல் போடுங்கள். விவித் பாரதி ஒலிபரப்பிகள் பெரும்பாலும் நகரங்களை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டவை என்பதால், உங்கள் ஊரில் அது தெளிவாகக் கேட்டதா என்று பெரியவர்களிடம் உறுதி செய்த பிறகே சேருங்கள்.

கொழும்பு இங்கிருந்து ஏறத்தாழ 600 கிலோமீட்டர் தொலைவில் இருந்தும் அதன் தமிழ் ஒலிபரப்பு நம் ஊர்களில் வீட்டுக்கு வீடு கேட்டதற்குத் தொலைதூரம் எட்டும் சிற்றலையே (ஷார்ட் வேவ்) முக்கியக் காரணம். பழைய அறிவிப்புகளில் அலைவரிசை மீட்டரில் சொல்லப்படும். அதைக் கிலோஹெர்ட்ஸாக மாற்ற, 3,00,000-ஐ மீட்டர் எண்ணால் வகுத்தால் போதும்: 25 மீட்டர் என்றால் 12,000 கிலோஹெர்ட்ஸ். மத்திய அலை எண்களை இன்றைய பட்டியல்களிலிருந்து எடுக்காதீர்கள்; 1978 நவம்பரில் ஆசியா, ஐரோப்பா, ஆப்பிரிக்காவின் மத்திய அலை நிலையங்கள் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளிக்கு மாற்றப்பட்டதால் முந்தைய எண்கள் பல மாறிவிட்டன.

படி 3: நேரங்களைத் திரட்டுங்கள்

அச்சில் கிடைக்கும் சான்றுகள் இரண்டு வகை. அகில இந்திய வானொலி தமிழில் வெளியிட்ட 'வானொலி' இதழில் நிகழ்ச்சி நிரல் முன்கூட்டியே அச்சாகும். அன்றைய நாளிதழ்களிலும் அன்றன்றைய நிகழ்ச்சிகள் வெளிவந்தன. தருமபுரி மாவட்ட மைய நூலகத்தில் கேட்டுப் பார்த்துவிட்டு, அங்கே கிடைக்காவிட்டால் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தை நாடலாம்.

பெரியவர்களின் நினைவு இதைவிட வளமான சான்று; ஆனால் கேட்கும் விதத்தில் கேட்க வேண்டும். "என்ன நிகழ்ச்சி கேட்டீங்க?" என்றால் இரண்டு மூன்று பெயர்களோடு பேச்சு நின்றுவிடும். "களி கிண்டுறப்போ ரேடியோவுல என்ன ஓடும் பெரியம்மா?" என்று கேளுங்கள். பால் கறந்த நேரம், பள்ளிக்கூடம் கிளம்பிய நேரம், மாட்டைக் கொட்டகையில் கட்டிய நேரம், வாசலில் பாய் விரித்த நேரம் என்று வேலையோடு சேர்த்துக் கேட்டால் நிகழ்ச்சியும் நேரமும் தாமாக வெளிவரும். வீட்டில் பெட்டி இருந்ததா, பஞ்சாயத்து ரேடியோவின் குழாய் ஒலிபெருக்கியில் கேட்டார்களா, வானொலி உரிமக் கட்டணத்தைத் தபால் நிலையத்தில் யார் போய்க் கட்டினார்கள் என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் தனித்தனியே ஒரே நேரத்தைச் சொன்னால் பேனாவால் எழுதுங்கள். ஒருவர் மட்டும் சொன்னால் பென்சிலால் எழுதுங்கள்.

படி 4: வாரத்தின் எலும்புக்கூட்டை வரையுங்கள்

நாள்தோறும் மாறாமல் வருபவற்றை முதலில் எழுதுங்கள். அதிகாலையில் நிலைய முகப்பிசை, வந்தே மாதரம், பக்திப் பாடல்கள், காலை 7.15-க்கு டெல்லியிலிருந்து தமிழ்ச் செய்தி. பகலில் மகளிருக்கான நிகழ்ச்சி. மாலையில் மாநிலச் செய்தியும் உழவர்களுக்கான நிகழ்ச்சியும். செய்தி வாசித்த சரோஜ் நாராயணசுவாமியின் குரலை இன்றும் பெரியவர்கள் அடையாளம் சொல்வார்கள். முகப்பிசை 1930களில் அகில இந்திய வானொலியில் பணியாற்றிய வால்டர் காஃப்மன் அமைத்தது. அந்த இசை இல்லாமல் எந்த நாளையும் தொடங்காதீர்கள்.

உழவர் நிகழ்ச்சியைப் 'பொழுதுபோக்கு இல்லை' என்று ஒதுக்கிவிடுவோர் உண்டு. அப்படிச் செய்யக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. தஞ்சைப் பகுதியில் ஏ.டி.டி. 27 என்ற நெல் ரகம் திருச்சி வானொலி வழியாகப் பரவியதால் 'ரேடியோ நெல்' என்றே பெயர் பெற்றது. அந்த அளவுக்கு அந்த நிகழ்ச்சியை மக்கள் கூர்ந்து கேட்டிருக்கிறார்கள். நம் பக்கத்தில் நெல்லைவிடக் கேழ்வரகும் புளியும் மாவும் முக்கியம் என்பதால், பத்து நிமிடத்துக்கு உங்கள் வீட்டு விவசாயி ஒருவரையே பேச வைத்துப் பதிவு செய்யலாம்.

அடுத்து, கிழமைக்கென்று உரியவற்றைச் சேருங்கள். சனிக்கிழமை இரவு 1952-இல் தொடங்கிய தேசிய இசை நிகழ்ச்சிக்கு உரியது. கர்நாடக இசையோ இந்துஸ்தானி இசையோ முழுக் கச்சேரியாக ஒலிக்கட்டும். ஞாயிறு காலை சிறுவர்களுக்கும், பிற்பகல் ஒலிச்சித்திரத்துக்கும் (திரைப்படத்தின் ஒலித்தடத்தைச் சுருக்கிய நிகழ்ச்சி) உரியவை. இலங்கையின் பங்குக்குக் காலையில் 'பொங்கும் பூம்புனல்', இரவில் 'இரவின் மடியில்' என்று வைத்துக்கொள்ளலாம். அன்று இலங்கை நேரமும் இந்திய நேரமும் ஒன்றே என்பதால் கணக்கு மாற்ற வேண்டியதில்லை. இடைப்பட்ட நேரத்தில் எதுவும் போடாதீர்கள். அன்று வானொலி நாள் முழுதும் ஓயாமல் பேசவில்லை.

படி 5: ஒலிகளைச் சேகரியுங்கள்

பிரசார் பாரதி ஆவணக் காப்பகம் இணையத்தில் வெளியிட்டவற்றிலிருந்து தொடங்குங்கள். நீங்கள் தேர்ந்த ஆண்டுக்குப் பிந்தைய பாட்டு ஒன்றுகூட உள்ளே வரக் கூடாது. வீட்டுக்குள் கேட்பதில் சிக்கல் இல்லை. நூலகத்திலோ பள்ளியிலோ பலர் கூடக் கேட்பதாக இருந்தால் உரிமம் பற்றி விசாரியுங்கள். இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கும். பாடலாசிரியர், இசையமைப்பாளர் உரிமை அவர்கள் காலத்துக்குப் பின் 60 ஆண்டுகள் என்பதால் அது தனிக் கணக்கு.

ஒலிச்சித்திரத்துக்கு மட்டும் சற்று உழைப்புத் தேவை. அமெரிக்காவில் 1934 முதல் 1955 வரை ஒலிபரப்பான லக்ஸ் ரேடியோ தியேட்டர், திரைக்கதையை ஒரு மணி நேர நாடகமாகச் சுருக்கி, நடிகர்களை ஒலிவாங்கி முன் நிறுத்திப் பார்வையாளர் எதிரிலேயே நடிக்க வைத்தது. நம் ஒலிச்சித்திரம் படத்தின் ஒலித்தடத்தையே வெட்டிச் சுருக்கியது. வெட்டும்போது கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள்: யார் பேசுகிறார், எங்கே நிற்கிறார் என்பது குரலிலிருந்தே புரியும் காட்சியை வைத்துக்கொள்ளுங்கள், சண்டை, மௌனப் பார்வை, துரத்தல் ஆகியவற்றை நீக்குங்கள், கதை அறுந்துபோகும் இடத்தில் ஒரே வரியில் விளக்கம் சொல்லி ஒட்டுங்கள். கதாநாயகி அழுவது பத்து நொடிக்கு மேல் நீண்டால் நேயர் எழுந்துபோய்விடுவார்.

படி 6: நேயர் விருப்பத்துக்கு அஞ்சலட்டை எழுத வையுங்கள்

இந்த வாரத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்பேன். வாரம் தொடங்குவதற்குப் பத்து நாள் முன்பே, காவேரிப்பட்டினத்து அத்தைக்கும் பாலக்கோட்டுச் சித்தப்பாவுக்கும் ஊத்தங்கரைத் தோழிக்கும் சொல்லி, உண்மையான அஞ்சலட்டையில் எழுதித் தபாலில் அனுப்பச் சொல்லுங்கள். ஓர் அட்டைக்கு ஒரு பாட்டுத்தான். கீழே வீட்டார் அனைவர் பெயரும், தெருவார் பெயரும், இடம் இருந்தால் கைக்குழந்தையின் பெயரும் இருக்க வேண்டும். தன் ஊர்ப்பெயர் வானொலியில் ஒலிப்பதைக் கேட்கத்தான் அன்று பலரும் அட்டை எழுதினார்கள். பாட்டு இரண்டாம் பட்சம்.

அறிவிப்பாளராக இருப்பவர் அட்டையை முன்கூட்டியே இரண்டு முறை வாய்விட்டுப் படித்துப் பழக வேண்டும். பென்னாகரம், பாப்பாரப்பட்டி, போச்சம்பள்ளி என்று ஊரை முதலில் முழுதாகச் சொல்லி, ஒரு மூச்சு இடைவெளி விட்டு, பெயர்களை அடுக்கி, கடைசிப் பெயர் முடிந்ததும் பாட்டைத் தொடங்குங்கள். பெயருக்கும் பாட்டுக்கும் இடையே வேறு பேச்சு வேண்டாம். இலங்கை அறிவிப்பாளர்கள் கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீது ஆகியோரின் பதிவுகளைக் கேட்டால், வேகமாகப் பேசினாலும் ஓர் எழுத்தும் மழுங்காத உச்சரிப்பு என்பது என்ன என்று தெரியும். அவர்கள் குரலைப் போலச் செய்யாதீர்கள். அந்தத் தெளிவை மட்டும் கற்றுக்கொள்ளுங்கள். வந்த அட்டைகள் எல்லாவற்றையும் படிக்கவும் கூடாது. சிலரின் பாட்டு வராமல் போக வேண்டும்; அடுத்த நாள் வரும் என்று அவர்கள் காத்திருக்க வேண்டும்.

படி 7: வாரத்தை நடத்துங்கள்

ஒலிபெருக்கியைக் கூடத்தில் ஒரே இடத்தில் வைத்து நகர்த்தாமல் விடுங்கள். அட்டவணையைச் சுவரில் ஒட்டுங்கள். நேரம் தவறியவர் தவறியதுதான். மீண்டும் போட்டுக் காட்டக் கூடாது. இந்த ஒரு விதியைத் தளர்த்தினால் மீதி உழைப்பெல்லாம் வீணாகிவிடும். மின்சாரம் போனால் அந்த நிகழ்ச்சியும் போனதாகவே கொள்ளுங்கள்.

ஒலியைப் பழைய பெட்டிக்கு ஏற்ப அமைக்க, கைப்பேசியின் சமன்படுத்தியில் (ஈக்வலைசர்) 150 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலும் உள்ளவற்றைக் குறைத்து, இரட்டை ஒலித்தடத்தை ஒற்றையாக்குங்கள். செயற்கையான கரகரப்பைச் சேர்க்க வேண்டாம். இரவில் இலங்கை நிகழ்ச்சி ஓடும்போது மட்டும் ஒலியை மெல்லக் குறைத்துப் பிறகு மெல்ல ஏற்றினால், சிற்றலை அலைந்து வந்ததன் உணர்வு போதுமான அளவு கிடைக்கும். வீட்டில் டிரான்சிஸ்டர் இருந்தால் ஒரு நாள் இரவு மத்திய அலையில் முள்ளை மெதுவாக நகர்த்தி, படி 2-இல் சொன்ன பகல் இரவு வேறுபாட்டைப் பிள்ளைகளுக்கு நேரில் காட்டுங்கள். மறுநாள் காலை தருமபுரி வானொலியை 102.5 பண்பலையில் கேட்கச் செய்தால், பண்பலையின் தெளிவுக்கும் மத்திய அலையின் எட்டும் தொலைவுக்கும் உள்ள வேறுபாடு அவர்களுக்குத் தானே விளங்கும்.

வாரம் முடிந்ததும், பெரியவர்களிடம் எடுத்த பேச்சுப் பதிவுகளுக்கு ஊர், பேசியவரின் வயது, பதிவு செய்த தேதி ஆகியவற்றைக் கோப்பின் பெயரிலேயே எழுதி இரண்டு இடங்களில் சேமியுங்கள். அவர்களின் சம்மதம் பெற்று அட்டவணையின் நகல் ஒன்றை உங்கள் ஊர் நூலகத்தில் கொடுங்கள். பென்சிலால் எழுதிய நேரங்களை அழித்துவிடாமல் அப்படியே கொடுங்கள், ஏனெனில் அவற்றை உறுதி செய்யக்கூடிய இன்னொருவர் அதே ஊரில் இருக்கக்கூடும்.