மொபைல்ல பீங்கான் தட்டு ஓவியம்: முள்ளு கத்திரிக்கா வச்சு ஒரு பயிற்சி

நீலமும் வெள்ளையுமா இருக்குற பீங்கான் தட்டை டிஜிட்டல்ல வரைஞ்சா பல பேருக்கு தட்டு மேல ஸ்டிக்கர் ஒட்டுன மாதிரிதான் வருது, எனக்கும் ஆரம்பத்துல அப்படித்தான் வந்துச்சு. தப்பு பிரஷ்ல இல்லங்க, லேயர் (ஒண்ணு மேல ஒண்ணா அடுக்குற கண்ணாடித்தாள் மாதிரி) வரிசையில. நிஜ பீங்கான்ல நீலம் கண்ணாடிக்கு அடியில இருக்கு.

சீனாவுல ஜிங்டெசென் ஊர்ல 14ம் நூற்றாண்டுலயே இதுல பெரிய ஆளுங்க. சுடாத காய்ஞ்ச மண் மேல கோபால்ட்ங்கிற உலோகத்தோட பொடியை தண்ணில கரைச்சு வரைவாங்க, அதுக்கு மேல கிளேஸ், அதாவது சுட்டா கண்ணாடியாகுற பூச்சை ஊத்தி சுமார் 1300 டிகிரில சுடுவாங்க. வரையும்போது கருப்பா தெரியுற கோபால்ட் சூளைக்குள்ள போய்தான் நீலமாகும், கிளேஸ் உருகும்போது அந்த நீலம் லேசா அதுக்குள்ள கசியும். நாமளும் அதே வரிசையில போவோம். நான் ஐபிஸ் பெயிண்ட்ல சொல்றேன், லேயர் இருக்குற எந்த ஆப்பும் ஓகே.

1. மண்: 2000க்கு 2000 கேன்வாஸ், நடுவுல ஒரு வட்டம். சுத்த வெள்ளை போடாதீங்க, ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீல அளவு) 238, 242, 244 மாதிரி லேசா நீலம் கலந்த வெள்ளை. ஓரத்துல மெல்லிசா சாம்பல் நிழல்.

2. கோடு: புது லேயர், கலர் 28, 50, 112. பளிச்னு இருக்குற 0, 0, 255 மட்டும் வேணாம், கோபால்ட்ல அப்படி ஒரு நீலமே வராது. நம்ம வேலூர் மாவட்டத்து இலவம்பாடி முள்ளு கத்திரிக்கா வரைங்க, 2023ல புவிசார் குறியீடு வாங்குன காய், காம்புலயும் தொப்பியிலயும் இருக்குற முள்ளு இந்த ஸ்டைலுக்குன்னே பொறந்த மாதிரி இருக்கும். முள்ளை அடியில அழுத்தி ஆரம்பிச்சு நுனியில விட்டுடுங்க. காய்ஞ்ச மண்ணு தண்ணிய உடனே உறிஞ்சிடும், அதனால அங்க அழிக்கிற வேலையே கிடையாது, நீங்களும் அன்டூ பண்ணாம ஒரே இழுப்புல போடுங்க, கொஞ்சம் கோணினாலும் அதுதான் உயிர்.

3. நீலம்: கோட்டு லேயருக்கு அடியில ஒரு லேயர், மோட் மல்டிப்ளை (கீழ இருக்குற கலரோட கலந்து கருமையாக்கும்). அதே கலரை 20, 45, 70 சதவீதம்னு மூணு அடர்த்தியில வாட்டர்கலர் பிரஷ்ல விடுங்க. கத்திரிக்கா வயித்துல ஒரு கீத்து வெள்ளை விட்டுடுங்க. பிரஷ் நின்ன இடத்துல கோபால்ட் தேங்கி கருநீலப் புள்ளி விழும், சீனாவுல யுவான், மிங் அரச வம்சக் காலத்து ஜாடியில எல்லாம் இது இருக்கு, நீங்களும் அங்கங்க நாலஞ்சு வைங்க.

4. ஓரம்: சிமெட்ரி ரூலர்ல 12 பிரிவு வச்சு, வாசல்ல போடுற சிக்கு கோலத்துல ஒரு வளைவை எடுத்து ஓட்டுங்க, சுத்தி தானா வந்துடும்.

5. கசிவு: கோடு, நீலம் ரெண்டையும் காப்பி எடுத்து ஒண்ணாக்கி, காஸியன் பிளர் (மங்கலாக்குற ஃபில்டர்) 5 பிக்சல் கிட்ட, ஒப்பாசிட்டி (லேயரோட அடர்த்தி) 35 சதவீதம், எல்லா நீலத்துக்கும் அடியில வைங்க. ஸ்டிக்கர் லுக் பாதி இங்கயே போயிடும்.

6. கண்ணாடி: இதுக்குத்தான் நேரம் செலவு பண்ணணும். காட்பாடியில எங்க பெரியம்மா வீட்டு ஊறுகா ஜாடியை ராத்திரி ட்யூப்லைட் கீழ வச்சுப் பார்த்தேன், அந்த வெளிச்சக் கோடு வெள்ளைப் பாகம், பழுப்புப் பாகம்னு பார்க்காம ரெண்டு மேலயும் அறுபடாம ஓடுது. நான் அதுவரைக்கும் பூவை மறைக்கக் கூடாதுன்னு ஹைலைட்டை ஒதுக்கி ஒதுக்கி வச்சுட்டிருந்தேன். அதனால எல்லாத்துக்கும் மேல ஒரு லேயர் போட்டு, ஓரம் கூர்மையா ஒரு வளைஞ்ச வெள்ளைக் கோட்டை கத்திரிக்கா மேலயே குறுக்க இழுங்க, ஒப்பாசிட்டி 75. அதுக்கு அடியில இன்னொரு லேயர்ல தட்டு முழுக்க வெளிர் நீலப்பச்சை, மல்டிப்ளை, 6 சதவீதம், அதுதான் கிளேஸோட நிறம்.

இப்ப அந்த ரெண்டு லேயரையும் ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க. ஆன்ல இருக்கும்போது கத்திரிக்கா ஒரு மயிரிழை உள்ள இறங்குன மாதிரி தெரிஞ்சா பிஎன்ஜில சேவ் பண்ணிடலாம், தெரியலன்னா ஹைலைட் ஓரம் மங்கலா இருக்கும், அதை மட்டும் கூர்மையாக்குங்க.