ஆக்சைடு பரப்பில் ஆல்கஹால்: டிஎஃப்டி கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நெல்லிக்குப்பத்துக் கரும்புப்பாகில் வடித்த எத்தனால் சூடான அலுமினாவின் மேல் நீரை இழந்தால் எத்திலீன். வனேடியம் ஆக்சைடின் மேல் ஹைட்ரஜனை இழந்தால் அசெட்டால்டிஹைடு. எந்தப் பாதை முந்தும் என்பதை டிஎஃப்டி வழியாக (எலக்ட்ரான் அடர்த்தியிலிருந்து ஆற்றலைக் கணிக்கும் முறை) கணினியில் கணக்கிட இறங்கும் கடலூர், புதுச்சேரி மாணவர்கள் முதலில் ஓர் அளவை மனதில் வைக்க வேண்டும். 500 கெல்வினில் கிளர்வு ஆற்றல் 0.1 எலக்ட்ரான் வோல்ட் பிசகினால், வினைவேகம் பத்து மடங்கு மாறிவிடும். கீழே உள்ள தவறுகள் பலவும் இதைவிடப் பெரிய பிழையைத் தரக்கூடியவை.

ஸ்லாபிலேயே, அதாவது பரப்புக்குப் பதிலாகக் கணக்கில் வைக்கும் சில அணு அடுக்குகள் கொண்ட பலகையிலேயே, தவறு தொடங்கிவிடுகிறது. ரூட்டைல் டைட்டானியம் டை ஆக்சைடின் (110) பரப்பில் (எண் படிகத்தின் எந்த முகம் என்பதைக் குறிக்கிறது) அடுக்குகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்பதைப் பொறுத்து ஆற்றல் மேலும் கீழும் ஊசலாடும். மூன்றடுக்குக்கும் நான்கடுக்குக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். 3, 5, 7 ஒரு வரிசை; 4, 6 இன்னொரு வரிசை. இரண்டும் ஒரே மதிப்பை நெருங்குகின்றனவா என்று பாருங்கள். ஸ்லாபின் ஒரு பக்கத்தில் மட்டும் மூலக்கூறை வைத்தால் இருமுனைத் திருத்தம் (இரு பக்கமும் ஒன்றாக இல்லாததால் எழும் போலி மின்புலத்தை நீக்குவது) கட்டாயம். அடுத்தடுத்த ஸ்லாபுகளுக்கு இடையே விடும் வெற்றிடம் 15 ஆங்ஸ்ட்ராமுக்குக் குறைய வேண்டாம்.

குவாண்டம் எஸ்பிரெஸ்ஸோ என்ற டிஎஃப்டி மென்பொருளில் கட்-ஆஃபை (எந்த ஆற்றல் வரையிலான அலைகளைக் கணக்கில் சேர்ப்பது என்ற வரம்பு) ரிட்பெர்க்கில் கேட்பார்கள்; 1 ரிட்பெர்க் 13.6 எலக்ட்ரான் வோல்ட். அடர்த்திக்கான கட்-ஆஃபை நீங்கள் கொடுக்காவிட்டால் அது அலைச்சார்புக் கட்-ஆஃபின் நான்கு மடங்காகவே இருக்கும். அல்ட்ராசாஃப்ட் வகை சூடோபொடென்ஷியலுக்கு (அணுக்கருவும் உள் எலக்ட்ரான்களும் சேர்ந்த பகுதிக்குப் பதிலாக வைக்கும் எளிய நிலையாற்றல்) அது போதாது, 8 முதல் 12 மடங்கு தேவை. கணக்கு பிழைச்செய்தி எதுவும் காட்டாமல் ஓடி முடிந்துவிடும் என்பதால் இந்தத் தவறு கண்ணில் படுவதே இல்லை.

அதிகம் பேர் சறுக்கும் இடம் சீரியம் ஆக்சைடு. மெத்தனாலின் ஓ–எச் பிணைப்பு (111) பரப்பில் உடையும்போது புரோட்டான் ஆக்சிஜனுக்கும் மெத்தாக்சி சீரியத்துக்கும் போகிறது. இது அமில-கார வினைதான். இங்கே சீரியம் ஒடுங்குவதில்லை. அடுத்து மெத்தாக்சியின் சி–எச் உடைந்து ஃபார்மால்டிஹைடு பிறக்கும்போதுதான் இரண்டு எலக்ட்ரான்கள் பரப்பில் தங்கி, இரண்டு சீரியங்கள் மூன்று நேர்மின் நிலைக்கு இறங்குகின்றன. ஒவ்வொரு படிக்குப் பிறகும் சீரியங்களின் காந்தத் திருப்புதிறனை அச்சிட்டுப் பாருங்கள்: முதல் படியில் சுழி, இரண்டாவதில் இரு அணுக்களில் ஏறத்தாழ 1. பல சீரியங்களில் கொஞ்சம் கொஞ்சமாகப் பரவித் தெரிந்தால், ஹப்பர்ட் யு (எலக்ட்ரானை ஒரே அணுவில் இருத்த உதவும் திருத்தம்) சேர்க்க மறந்திருக்கிறீர்கள், பிபிஇ என்ற வழக்கமான டிஎஃப்டி தோராயத்துடன் 4.5 முதல் 5 எலக்ட்ரான் வோல்ட் வழக்கம். யு சேர்த்த பிறகும் எலக்ட்ரான் எந்தச் சீரியத்தில் அமர்கிறது என்பது தொடக்க அமைப்பைப் பொறுத்தது. அருகில் உள்ளது, அதற்கடுத்தது என இரண்டு மூன்று இடங்களையாவது சோதித்து, தாழ்ந்ததை எடுங்கள். வெவ்வேறு யு மதிப்பில் கிடைத்த ஆற்றல்களை ஒன்றிலிருந்து ஒன்று கழிக்கவே கூடாது.

தொடக்க நிலைக்கும் இறுதி நிலைக்கும் இடையிலான வினைப் பாதையைத் தேடும் என்இபி முறையை ஓட்டும்போது தொடக்க, இறுதிக் கோப்புகளில் அணுக்களின் வரிசை ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு ஹைட்ரஜன்கள் இடம் மாறியிருந்தால் பாதையே பொய். டிரான்சிஷன் ஸ்டேட்டுக்கு (பாதையின் உச்சியில் உள்ள நிலை) ஒரே ஒரு கற்பனை அதிர்வெண் இருந்தால் மட்டும் போதாது. அந்த அதிர்வை அசைத்துப் பார்த்து, உடைய வேண்டிய சி–எச் தான் நீள்கிறதா என்பதை உறுதிசெய்யுங்கள்.

என்ட்ரோபியை விட்டுவிட்டு வேகத்தைப் பற்றிப் பேசுவது பெருந்தவறு. 298 கெல்வினில் எத்தனால் வாயுவின் என்ட்ரோபி மோலுக்குச் சுமார் 282 ஜூல்/கெல்வின்; வெப்பநிலையால் பெருக்கினால் 0.87 எலக்ட்ரான் வோல்ட். பரப்பில் ஒட்டும் மூலக்கூறு இதில் கணிசமான பங்கை இழக்கிறது. ஒட்டிய நிலையில் 50 செ.மீ⁻¹-க்குக் கீழான அதிர்வெண்களை அப்படியே ஹார்மோனிக் சூத்திரத்தில் (அதிர்வை ஸ்பிரிங் போலக் கருதுவது) போட்டால் என்ட்ரோபி வீங்கும். 50 அல்லது 100 என்று ஒரு கீழ்வரம்பு வைத்து, எல்லா நிலைகளுக்கும் அதையே பின்பற்றி, கட்டுரையிலும் சொல்லிவிடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மின்சாரம் போவது நம் பக்கத்தில் சகஜம். எஸ்பிரெஸ்ஸோ முறையாக நின்றிருந்தால்தான் விட்ட இடத்திலிருந்து நம்பகமாகத் தொடரும். ஆகவே நேர வரம்பு அளவுருவைக் கொடுத்துத் துண்டு துண்டாக ஓட்டுங்கள். நடுவில் அறுந்தால், வெளியீட்டுக் கோப்பின் கடைசி அணு ஆயங்களை எடுத்துப் புதிய உள்ளீட்டில் வைத்து மறுபடி தொடங்கலாம்.