பழைய வானக் குறிப்பும் வெடித்த விண்மீனும்: ஜோடி சேர்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அண்மையில் ஒரு மாணவர் கருத்தரங்கில் உட்கார்ந்திருந்தேன். பழைய குறிப்புகளில் வரும் புது விண்மீனை, ஒரு சூப்பர்நோவா (வெடித்த விண்மீன்) விட்டுச்சென்ற எச்சத்தோடு ஜோடி சேர்ப்பது பற்றிப் பேச்சு. நாங்கள் எல்லாம் ஆரம்பத்தில் சறுக்கிய அதே இடங்களில் அவர்களும் சறுக்கினார்கள். வால்மீனையும் சூப்பர்நோவாவையும் குழப்புவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை பாடநூலிலேயே இருக்கும்.

இடம் பொருந்தியதும் தேடலை நிறுத்துவது

1181 ஆகஸ்டில் காசியோப்பியா பக்கம் ஒரு புது விண்மீன் தோன்றியதைச் சீனர்களும் ஜப்பானியர்களும் எழுதி வைத்தார்கள். 185 நாள் தெரிந்தது. 20ஆம் நூற்றாண்டில் அந்தப் பகுதியில் தேடியவர்களுக்கு 3சி 58 என்ற எச்சம் அகப்பட்டது. வேறு போட்டி இல்லை. சரி, இதுதான் என்று எழுதிவிட்டார்கள்.

வயதுதான் ஒத்துழைக்கவில்லை. நடுவிலுள்ள பல்சரின் (வெடிப்பில் மிஞ்சி வேகமாகச் சுழலும் விண்மீன் கரு) சுழற்சி குறையும் வேகத்தை வைத்துப் பார்த்தால் சுமார் 5,400 ஆண்டு வருகிறது. அந்தக் கணக்கு சில சமயம் மிகையாக வரும், உண்மைதான். ஆனால் எச்சம் விரியும் வேகமும் ஆயிரக்கணக்கான ஆண்டு என்றே சொன்னது. இதற்கிடையே 2002இல் சந்திரா எக்ஸ்ரே தொலைநோக்கி அந்தப் பல்சர் தன் வயதுக்கு மீறிக் குளிர்ந்திருப்பதாகக் காட்ட, உள்ளே விசித்திரமான பொருள் இருக்குமோ என்றுகூடப் பேச்சு எழுந்தது. எந்த வயதுக்கு மீறி? 1181இலிருந்து எண்ணிய வயதுக்கு! ஒரு ஜோடிப் பொருத்தம் அணு இயற்பியல் வரை போய் நின்றது.

2013இல் டானா பாட்சிக் என்ற அமெச்சூர் வானியலாளர் அதே பகுதியின் அகச்சிவப்புப் படங்களில் பிஏ 30 என்ற மங்கலான நெபுலாவை (வாயு முகிலை) கண்டெடுத்தார். அது நொடிக்குச் சுமார் 1,100 கிலோமீட்டர் வேகத்தில் விரிகிறது. பின்னோக்கி ஓட்டினால் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு. 2021 முதல் 1181க்கு இதுவே வலுவான பொருத்தம்.

இவ்வளவுக்கும் பிறகு கருத்தரங்குத் திரையில் "3சி 58, கி.பி. 1181" என்றே வந்தது. ஏன் என்று கேட்டேன். "எல்லா இடத்திலும் அப்படித்தான் சார் இருக்கு." எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான். விரிவு வேகத்தைப் பார்க்காமல் ஆண்டு எழுதாதீர்கள்.

தூசியை மறப்பது

386இல் சீனர்கள் தனுசுப் பகுதியில் கண்ட ஒளிக்கு ஜி11.2-0.3 என்ற எச்சத்தைப் பல காலம் ஜோடி சேர்த்திருந்தார்கள். அதன் இளமை சரிதான். ஆனால் இடையில் தூசி அத்தனை அடர்த்தி. வெடிப்பை வெறுங்கண்ணால் பார்த்திருக்கவே முடியாது என்று 2016இல் வெளியான சந்திரா ஆய்வு காட்டியது.

திசைச் சொல்லைக் கெட்டியாகப் பிடிப்பது

1054இல் தோன்றிய புது விண்மீன் தியான்குவான் விண்மீனுக்குத் தென்கிழக்கே இருந்ததாகச் சீனக் குறிப்பு சொல்கிறது. அதற்கு ஜோடி சேர்க்கப்படும் எச்சமான நண்டு நெபுலா இருப்பதோ வடமேற்கில். ஆனாலும் அந்தப் பொருத்தம் உறுதியானது, ஏனென்றால் அதன் விரிவைப் பின்னோக்கி ஓட்டினால் ஏறத்தாழ அந்தக் காலமே வருகிறது.

பாறை ஓவியங்கள்

பாறையில் வரைந்த விண்மீனை ஒரு சூப்பர்நோவா என்பார்கள். அதற்குத் தேதி இல்லையா? அது சாட்சி இல்லை.

ஒளியாண்டைக் கூட்டுவது

நண்டு நெபுலா சுமார் 6,500 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. அதை வயதோடு கூட்டாதீர்கள். இந்தத் துறையில் வயது என்றால் ஒளி பூமிக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து எண்ணுவது.