தாய்மாமன் மடி: குடும்பத் தொடருக்குப் பன்னிரண்டு நாள் கதை எழுதும் முறை

குடும்பத் தொடருக்குக் கதை எழுத வருகிறவர்கள் முதலில் வில்லியைத் தேடுகிறார்கள். தேட வேண்டியது ஒரு கடமையை. இந்த உறவில் யார் யாருக்கு என்ன செய்தே ஆக வேண்டும், அதைச் செய்ய விடாமல் கையைக் கட்டிப்போடுவது எது என்று கண்டுபிடித்துவிட்டால், வில்லி இல்லாமலே இரண்டு வாரம் கதை ஓடும். 2002 முதல் 2005 வரை சன் டிவியில் வந்த 'மெட்டி ஒலி'யின் அஸ்திவாரமே இதுதான்: மனைவி இல்லாத ஒரு தகப்பன், ஐந்து பெண்கள். ஒரு பெண்ணைக் கட்டிக்கொடுத்தால் ஒரு சம்பந்தி வீடு சேரும், அந்த வீட்டுக்குச் செய்ய வேண்டிய முறை சேரும், அப்பாவால் முடியுமா என்ற பயமும் கூடவே சேரும்.

இங்கே ஒரு காதுகுத்தை எடுத்து, திங்கள் முதல் சனி வரை இரண்டு வாரத்துக்குப் பன்னிரண்டு எபிசோடாகப் பிரித்துப் பார்ப்போம்.

முடிச்சு

தங்கை பிள்ளைக்கு மொட்டையடித்துக் காது குத்த வேண்டும். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். அண்ணனும் தங்கையும் பேசி இரண்டு வருடம் ஆகிறது. மச்சான் கடை வைப்பதற்காக அண்ணி தன் 3 பவுன் சங்கிலியை, அதாவது 24 கிராமை, அடகு வைக்கக் கொடுத்தாள். கடை நொடித்துவிட்டது. சங்கிலி இன்னும் அடகில்தான் இருக்கிறது. தங்கையின் மாமியார் வீட்டுக்கு இந்த விஷயமே தெரியாது.

இதில் யாரும் கெட்டவர் இல்லை என்பதைக் கவனியுங்கள். அண்ணிக்கு அது தாய்வீட்டுச் சங்கிலி. மச்சான் ஏமாற்றவில்லை, தோற்றுப்போனார். உண்மையைச் சொன்னால் தன் புருஷன் பெற்றவர்கள் முன்னால் தலைகுனிவார் என்று தங்கை பயப்படுகிறாள். எல்லார் பக்கமும் நியாயம் இருக்கும்போதுதான் வீட்டில் பார்க்கிற நான்கு பேர் நான்கு கட்சி பிரிந்து பேசுவார்கள். அந்தப் பேச்சுதான் மறுநாளும் அவர்களை டிவி முன்னால் உட்கார வைக்கும்.

முடிச்சு தாங்குமா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. சம்பந்தப்பட்ட இருவரும் ஒரு நிமிடம் போனில் பேசினால் பிரச்சினை தீர்ந்துவிடுமா? தீரும் என்றால் அது வெறும் தவறான புரிதல். நான்காம் நாளே 'பேசித் தொலைக்க வேண்டியதுதானே' என்று பார்ப்பவர்கள் சலித்துக்கொள்வார்கள். நம் கதையில் பேசினாலும் சங்கிலி திரும்பி வராது, பேசினால் மச்சானின் மானமும் போகும். எனவே தாங்கும்.

அடுத்து, கதைக்கு ஒரு கெடு வேண்டும். காதுகுத்துப் பத்திரிகை வருகிற அதே வாரத்தில் நகைக்கடனுக்கு ஏல நோட்டீஸும் வருகிறது. அண்ணன் கையிலுள்ள பணம் வட்டியைக் கட்டி அடகைப் புதுப்பிக்கப் போதும். அல்லது 2 கிராமில் ஒரு ஜோடித் தோடும் சீர்த்தட்டும் வாங்கப் போதும். இரண்டுக்கும் போதாது.

நாள் பிரிப்பு

முதல் இரண்டு நாளில் தேதி குறிப்பது முடிய வேண்டும். மாமியார், "உங்க அண்ணன்கிட்டச் சொல்லியாச்சா?" என்கிறாள், தங்கை ஆமாம் என்று பொய் சொல்கிறாள். மூன்றாம் நாள் ஏல நோட்டீஸ் அண்ணி கையில் கிடைக்கிறது. அவள் அதைப் புருஷனிடம் காட்டாமல் பூஜை அலமாரியில் வைக்கிறாள். ஏன் என்று அன்றைக்குச் சொல்லாதீர்கள்.

நான்கும் ஐந்தும் அழைப்பு. தாய்மாமனை நேரில் போய், தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துத்தான் அழைக்க வேண்டும், புருஷனும் பெண்டாட்டியுமாக. மச்சானுக்கு அந்த வாசலை மிதிக்கக் கால் வரவில்லை. தங்கை தனியாக வருகிறாள். முதல் வாரத்தின் உயிர் இந்தக் காட்சி. மற்றவற்றுக்கு மூன்று நிமிடம் என்றால் இதற்கு ஆறு நிமிடம் கொடுங்கள். ஆறாம் நாள், சனிக்கிழமை: அண்ணி காபி கொடுத்து, தட்டை வாங்கிக்கொண்டு, நாத்தனாரை வழியனுப்புகிறாள். பிறகு பத்திரிகையின் மேல் நோட்டீஸை எடுத்து வைக்கிறாள். அண்ணன் பார்க்கிறான். அங்கே ஃப்ரீஸ்.

இரண்டாம் வாரம் ஏழும் எட்டும் பணக் கணக்கு, வேகமாக முடியட்டும். ஒன்பதாம் நாள், தங்கைக்கு ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவனை மடியில் வைக்க உட்காரச் சொல்லலாம் என்று மாமியார் வீட்டில் பேச்சு எழுகிறது. உரிமை கைமாறப்போகிறது என்றதும் பார்ப்பவர்களுக்குப் பதைக்கும். பத்தாம் நாள் அண்ணி எதுவும் பேசாமல், வட்டி கட்ட வேண்டிய பணத்தைச் சீருக்காகப் புருஷனின் சட்டைப் பையில் வைக்கிறாள். பதினொன்று குலதெய்வக் கோயில், மொட்டை, காலியாகக் கிடக்கும் மணை. பன்னிரண்டாம் நாள் அண்ணன் சீர்த்தட்டோடு வந்து உட்காருகிறான், பிள்ளை வீறிடுகிறது, எல்லோரும் சிரிக்கிறார்கள். தங்கை மட்டும் அண்ணியின் கழுத்தைப் பார்க்கிறாள். மஞ்சள் கயிறு மட்டும் இருக்கிறது.

இங்கே சமாதானம் வைக்காதீர்கள். அண்ணனும் தங்கையும் கட்டிப்பிடித்து அழுதுவிட்டால் திங்கட்கிழமைக்கு உங்களிடம் ஒன்றும் மிஞ்சாது.

பக்கக் கணக்கு

அரை மணி நேர ஸ்லாட்டில் முழு நேரமும் கதைக்கு இல்லை. ஒரு மணி நேரத்துக்கு 12 நிமிடம் வரை விளம்பரமும் சேனலின் சொந்த அறிவிப்பும் போடலாம் என்பது விதி. டைட்டில், முன்கதை, நாளைய காட்சி எல்லாம் போகப் புதிய காட்சிகளுக்கு ஏறத்தாழ 20 நிமிடம் என்று வைத்து, ஆறு அல்லது ஏழு காட்சி எழுதுங்கள். நிமிடத்துக்கு ஒரு பக்கம் பாதுகாப்பான அளவு. 12 பக்கம் எழுதிக் கொடுத்தால் மீதி எட்டு நிமிடத்தை எடிட்டர் ரியாக்‌ஷன் ஷாட்டால் நிரப்புவார்: ஒரு வசனம், ஏழு முகம், ஒவ்வொரு முகமும் மூன்று முறை, பின்னால் இடிச் சத்தம். இந்த வியாதிக்குப் பல நேரம் காரணம் இயக்குநர் அல்ல, பக்கம் போதாத ஸ்கிரிப்ட்.

வசனம்

கோபத்தைக் கத்த வைக்காமல் மரியாதையில் வையுங்கள். தங்கை வாசலில் நிற்கிறாள். "உனக்கு இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்று அண்ணன் கேட்டால் அது பாசம் கலந்த சண்டை, அடுத்த வரியிலேயே இறங்கிவிடும். அதற்குப் பதில், "வாங்க. உட்காருங்க" என்று சொல்லட்டும். பிறந்ததிலிருந்து 'வாடி, போடி' என்று கூப்பிட்டவன் 'வாங்க' என்றதும் அவள் அந்த வீட்டுக்கு விருந்தாளி ஆகிவிடுகிறாள். நடிக்கிறவருக்கும் அதற்குமேல் வசனம் தேவைப்படாது. கடைசி நாளில், பிள்ளையை வாங்கும்போது, "கொண்டாடி இப்படி" என்று ஒரு 'டி' திரும்பி வந்தால் போதும்.

எந்த ஊர்க் குடும்பம் என்பதை முதல் நாளே முடிவு செய்யுங்கள். அண்ணியைக் கொங்குப் பக்கம் நங்கை என்பார்கள், நெல்லைப் பக்கம் மதினி. ஒரே வீட்டில் இரண்டும் வந்தால் குடும்பம் போலியாகிவிடும்.

படப்பிடிப்பை நினைத்து எழுதுதல்

மூத்த நடிகர்கள் இரண்டு மூன்று தொடர்களில் இருப்பார்கள். மாமியார் வேடத்துக்கு மாதத்தில் சில நாள் கால்ஷீட்தான் கிடைக்கும் என்றால், அவர் காட்சிகளை ஒரே வீட்டில், அடுத்தடுத்து எடுக்கும்படி அமையுங்கள். அவர் இல்லாத நாளில் கதையை அண்ணன் வீட்டுக்கு நகர்த்துங்கள். கோயில் காட்சிக்குக் கூட்டம் வேண்டும். பதினொன்றையும் பன்னிரண்டையும் சேர்த்து ஒரே இடத்தில் எடுக்கத் திட்டமிடுங்கள்.

குழந்தை விஷயத்தில் கண்டிப்பு வேண்டும். குழந்தைக் கலைஞர்களை நாளுக்கு 5 மணி நேரத்துக்கு மேல், ஓய்வில்லாமல் 3 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்று குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2017 விதிகள் சொல்கின்றன. முன் அனுமதியும் வாங்க வேண்டும். கைக்குழந்தை அந்த நேரம்கூடத் தாங்காது. மடியில் உட்காரும் ஷாட், ஆசாரியின் கை, மாமனின் முகம் என்று தனித்தனியாக எழுதிவிடுங்கள். அழுகையை டப்பிங்கில் சேர்த்துக்கொள்ளலாம். குழந்தையை அழ வைக்க வேண்டிய தேவையே இருக்காது.

கெட்டுப்போகும் இடங்கள்

அதிகம் கெடுவது அண்ணி பாத்திரம். ஏழாம் நாள் வாக்கில் 'கொஞ்சம் காரம் சேர்க்கலாம்' என்று யாராவது அவளைச் சதி செய்ய வைப்பார்கள். அவள் சதி செய்தால் சங்கிலியை இழந்த வலி செத்துவிடும், அதோடு கடைசி நாளின் வெறுங்கழுத்தும் வீண். காரம் வேண்டுமென்றால் ஒன்றுவிட்ட அண்ணன் பக்கம் சேருங்கள்.

கதவோரம் நின்று ஒட்டுக்கேட்பது இன்னொன்று. நோட்டீஸ், அடகுச் சீட்டு, காலி நகைப்பெட்டி போன்ற பொருள் மூலமாக ரகசியம் வெளிவந்தால் தெரிந்துகொள்கிறவர் தனியாக உடைவார். நமக்கும் ஒரு காட்சி கிடைக்கும்.

நாட்காட்டியையும் பாருங்கள். பொங்கல் சீர், தலை தீபாவளி, ஆடிக்குப் பெண்ணை அழைத்து வருவது போன்றவை கதையில் வந்தால் ஒளிபரப்புத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி எழுதுங்கள். பொங்கல் சீர்க் காட்சி ஜனவரி முதல் வாரத்தில் வந்தால், பார்க்கிறவர் வீட்டிலும் அதே பேச்சு நடந்துகொண்டிருக்கும். பிப்ரவரியில் வந்தால் ஆறிப்போன சோறு.